வானம் பார்த்த பூமியின் ஏடுகள்: புதுக்கோட்டைச் சீமையின் வரலாறும் ஆவணங்களும்



பத்தாம் ஆண்டு விழாக் காணும் இவ்வட்டம் கூடியிருக்கும் பாலக்கரையின் ஊடே உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடுகிறது. பேட்டைவாய்த்தலை அருகே காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சிராப்பள்ளி நகரைக் கடந்து, கிழக்கே வயல்களுக்குச் செல்லும் சோழர் காலத்து நீர்வழி அது. அதன் கரையில் வாழ்வோர்க்கு நீர் என்பது மேற்கிலிருந்து வருவது. ஆனால் அவ்வாய்க்காலைத் தாண்டித் தெற்கே சென்றால் நிலத்தின் இயல்பு மாறுகிறது. கீரனூர், நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் என விரியும் அந்த மண்ணில் நீர் மேலிருந்து வருவது. பெய்தால் உண்டு, பெய்யாவிடில் இல்லை. பாறைக் குன்றுகளும் செம்மண் மேடுகளும் பொட்டல்களும், அவற்றினிடையே ஆயிரக்கணக்கான கண்மாய்களுமாகக் கிடக்கும் அந்நிலத்துக்குப் புதுக்கோட்டைச் சீமை என்பது பழம் பெயர். அச்சீமையின் வரலாறும், அவ்வரலாற்றைத் தாங்கி நிற்கும் ஆவணங்களுமே இவ்வுரையின் பொருள்.

முதலில் அந்நிலத்தின் அளவை நினைவிற் கொள்வது நன்று. சமஸ்தானமாக இருந்த காலத்தில் அதன் பரப்பு ஏறத்தாழ 1,180 சதுர மைல். குளத்தூர், ஆலங்குடி, திருமயம் என மூன்றே தாலுகாக்கள். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் நான்கு லட்சத்துச் சொச்சம். பின்னாளில் தஞ்சை மாவட்டப் பகுதிகளும் சேர்ந்து விரிந்த புதுக்கோட்டை மாவட்டத்திலும் மக்கள் நெருக்கம் குறைவே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகம் முழுமைக்கும் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர் என்றிருக்க, புதுக்கோட்டையில் 350ஐ எட்டவில்லை. ஐவரில் நால்வர் சிற்றூர்களிலேயே வாழ்ந்தனர். பெரிய ஆறு இல்லை. துறைமுகப் பட்டினத்தின் செல்வம் இல்லை. இத்தகைய ஒரு நிலத்துக்கு எழுதி வைக்க என்ன இருக்கும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் உண்மை வேறு. தன்னைப் பற்றி இத்துணை நிறைவாக எழுதி வைத்துக்கொண்ட சிறு நிலப்பகுதி தமிழகத்தில் வேறொன்று உண்டா என்பது ஐயமே.

இதற்குக் காரணம் என்ன? நீர் பெருகும் இடத்தில் பங்கு பற்றிய பூசல் குறைவு. நீர் அருகும் இடத்தில் ஒவ்வொரு துளிக்கும் உரிமையாளர் யாரென்று தெரிந்தாக வேண்டும். யார் கண்மாய் வெட்டினார், யார் மடை அமைத்தார், எவ்வயலுக்கு முதற் பாய்ச்சல், கரை உடைந்தால் யார் அடைப்பது என்பன வாய்ச்சொல்லாக மட்டும் இருந்தால் இரண்டு தலைமுறைக்கு மேல் நில்லா. ஆகவே கல்லில் வெட்டினார்கள். புதுக்கோட்டையின் கல்வெட்டுகளுள் வேந்தரின் மெய்க்கீர்த்திகள் உண்டு. கோயில் நிவந்தங்கள் உண்டு. ஆயினும் அந்நிலத்துக்கே உரிய தனிச்சிறப்பு, குளத்துக்குள் நிற்கும் குமிழித் தூண்களிலும் மடைக் கற்களிலும் வெட்டப்பட்ட சிற்றெழுத்துகளே எனலாம். நீர் வற்றும் கோடையில் அவை வெளியே தெரியும், மாரியில் மறையும். அவற்றில் இருப்பவை பெரும்பாலும் வேறெந்த ஏட்டிலும் இல்லாத பெயர்கள். இன்ன ஊரான் இன்ன குமிழி இடுவித்தான் என்ற ஒற்றை வரியில் ஒரு மனிதன் ஆயிரம் ஆண்டு வாழ்கிறான்.

திருமயத்தை அடுத்த முனிசந்தையில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் எனப்படும் வணிகக் குழுவினரைக் குறிக்கும் பழங் கல்வெட்டுகள் உள்ளன. தமிழகத்தில் அக்குழுவினரைக் கூறும் மிகத் தொன்மையான சான்றுகளுள் அவை எண்ணப்படுகின்றன. கடல் கடந்து வாணிகம் செய்த ஒரு பெருங்குழு, இந்த வறண்ட மண்ணில் ஒரு குளத்தின் பேணுதலோடு தொடர்புபடுத்திப் பேசப்படுவது சிந்திக்கத்தக்கது. மாட்டுப் பொதியோடு செல்லும் வணிகனுக்கும் வழியில் நீர் வேண்டும் அல்லவா? உறையூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழி இச்சீமையின் ஊடேதான் சென்றது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்தபோது, கொடும்பையின் பெருங்குளக் கரையில் வழி மூன்றாகப் பிரிவதை மாங்காட்டு மறையோன் அவர்களுக்குச் சொல்வதாகச் சிலப்பதிகாரம் அமைத்திருக்கிறது. அந்தக் கொடும்பைதான் கொடும்பாளூர். இளங்கோவடிகளும் அவ்வூரை ஒரு குளத்தைக் கொண்டே அடையாளம் காட்டினார் என்பது கருதத்தக்கது.

கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் சோழருக்கும் பாண்டியருக்கும் இடையே எல்லை காத்தவர்கள். தெற்கு வெள்ளாற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு. இரண்டு பேரரசுகள் உரசிக்கொண்ட விளிம்பில் அமைந்ததால் அவ்வேளிர் சில நூற்றாண்டுகள் நிலைத்தனர். அவர்களுள் ஒருவனான பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர்கோயிலில் இன்று இரண்டு தளிகளே நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டுமே எஞ்சியது. தன் பெயரிலும் தன் தேவியர் இருவர் பெயரிலும் அவற்றை அவன் எழுப்பியதையும், அவனுடைய முன்னோர் வரிசையையும், மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் துறவிக்கு மடம் அளித்ததையும் அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. அந்த ஒரு கல்வெட்டு இல்லையாயின் ஒரு குலத்தின் வரலாறு முழுவதும் ஊகமாகவே நின்றிருக்கும்.

சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டம் இன்னும் பழையது. சமண முனிவர் ஒருவருக்காக அமைத்த கல் இருக்கையின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்து உள்ளது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அச்சிறு பொறிப்பில், அங்கு வாழ்ந்தவரின் பெயரும், அவர் பிறந்த ஊரும் நாடும், இருக்கை செய்து கொடுத்தவரின் பெயரும் இருக்கின்றன. மன்னன் பெயர் இல்லை. அதே குன்றின் மறுபுறத்துக் குடைவரையில், ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் திருப்பணி செய்ததை மற்றொரு கல்வெட்டு தெரிவிக்கிறது. குடுமியான்மலையின் கிரந்த எழுத்திலான இசைக் கல்வெட்டை உலகம் அறியும். அதே ஊரில் உமையாள்நாச்சி என்ற பெண்மணி நிலம் விலைக்கு வாங்கி அம்மனுக்குத் திருக்கோயில் கண்ட செய்தியும் கல்லில் உள்ளது. அதனை அறிந்தவர் சிலரே.

பேரரசுகள் தளர்ந்த காலத்தில் இம்மண்ணின் ஆவணங்கள் வேறொரு குரலில் பேசத் தொடங்குகின்றன. அவையே பாடிகாவல் கல்வெட்டுகள். பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் ஊரார் கூடித் தங்கள் ஊரைக் காக்கும் உரிமையை ஓர் அரசுக்கு, அதாவது ஒரு குறுநிலத் தலைவனுக்கு, விற்றுக் கொடுத்தனர். காவலுக்கு ஈடாக ஒவ்வொரு பயிரிலும் அவனுக்கு உரிய பங்கு இவ்வளவு என்று கணக்கிட்டு எழுதினர். தலைவர்கள் தமக்குள் போரிட நேர்ந்தால் ஊர்களை அழிப்பதில்லை என்றும், மீறுவோர் கோயிலுக்குத் தண்டம் இறுக்க வேண்டும் என்றும் உடன்படிக்கை செய்துகொண்ட கல்வெட்டும் உண்டு. இவை வெற்றி பாடும் எழுத்துகள் அல்ல. வாளேந்தியவனை எழுத்தால் கட்டுப்படுத்த எளியோர் செய்த முயற்சிகள். எழுதப்பட்டவை எல்லாம் காக்கப்பட்டனவா என்பது வேறு. ஆனால் வாளுக்கு எதிரே வைக்க அவ்வூராரிடம் இருந்தது எழுத்து ஒன்றே. ஆவணம் என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாக விளக்கும் சான்று அரிது.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தொண்டைமான் ஆட்சி தோன்றியது. இராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் மைத்துனரான இரகுநாதத் தொண்டைமான் 1686ஐ ஒட்டி அதற்கு அடிகோலினார். திருச்சிராப்பள்ளிக்கும் அவ்வரசுக்கும் உள்ள உறவு நெருங்கியது. 1751 முதல் சில ஆண்டுகள் திருச்சிக் கோட்டை முற்றுகைக்கு உள்ளானபோது, முகமது அலிக்கும் ஆங்கிலேயருக்கும் உணவுப் பொருள்கள் தொண்டைமான் நாட்டுக் காட்டு வழிகளினூடே வந்து சேர்ந்தன. அந்த நட்பே பின்னர் அவ்வரசைக் காத்தது. அதே நட்பின் விளைவாகத்தான் 1799இல் வீரபாண்டிய கட்டபொம்மன் அவ்வரசின் எல்லைக்குள் பிடிபட்டுக் கும்பினியாரிடம் ஒப்படைக்கப்பட்டார், கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். நாட்டார் கதையும் நாடகமும் திரைப்படமும் அதற்குத் தத்தம் தீர்ப்பை வழங்கிவிட்டன. ஆவணம் தீர்ப்பு வழங்குவதில்லை. பெருமை தருவதையும் தலைகுனியச் செய்வதையும் ஒரே கட்டில் வைத்துக் காப்பதே அதன் அறம்.

இவ்வரசின் ஆவணங்களுள் மிகவும் எண்ணிப் பார்க்கத்தக்கவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இனாம் பதிவேடுகளாகும். அந்நாட்டின் விளைநிலத்தில் பெரும்பகுதி நேரடி வரி செலுத்தாத மானிய நிலமாக இருந்தது. படைப்பணி செய்த அமரக்காரருக்கு ஜீவிதம், கோயிலுக்குத் தேவதானம், அந்தணருக்குப் பிரமதேயம், சத்திரத்துக்கு அறக்கட்டளை, ஊர்ப்பணி செய்வோருக்கு ஊழிய மானியம். பூத்தொடுப்பவர், மண்கலம் வனைபவர், மேளம் வாசிப்பவர், காவல் காப்பவர் என்ற ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு நிலம் இருந்தது. அந்நிலம் வெறும் கூலி அன்று. ஊரிலும் கோயிலிலும் அரசிலும் அவர் வகித்த இடத்தின் அடையாளம்.

1878இல் பொறுப்பேற்ற சர் அ. சேஷய்ய சாஸ்திரியார் அந்நாட்டு நிருவாகத்தைப் புதுப்பித்தார். விளைச்சலில் பங்கு பெறும் அமானி முறையை ஒழித்துப் பணவரியை நிலைநாட்டினார். நகரின் தெருக்களையும் குளங்களையும் சீர்திருத்தினார். 1888இல் இனாம் நிலங்களை முறைப்படுத்தும் பணி தொடங்கியது. ஒவ்வொரு மானியமும் ஆராயப்பட்டு, யார், எந்த நிலம், எந்தப் பணி, எவர் கொடுத்தது என எழுதப்பட்டது. பின்னர்ப் பெரும்பாலான பணிகள் நீக்கப்பட்டு, நிலம் தீர்வைக்குரிய உடைமையாக மாற்றப்பட்டது. ஒரு பழைய சமூக அமைப்பு முழுமையாக எழுதப்பட்டது அது கலைக்கப்பட்ட வேளையில்தான் என்பது இதிலுள்ள முரண். அப்பதிவேடு இல்லையேல் அக்குடிகள் செய்த பணியும் பெற்ற மதிப்பும் இன்று தெரியவாரா. அப்பதிவேட்டின் வழியாகவே அவை முடிவுக்கும் வந்தன. சீர்திருத்தத்தால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஊழியத்தின் பெயரால் பலர் பிணைப்புண்டு கிடந்ததும் உண்மையே. ஆயினும் எழுதுகோல் ஒருவருக்கு உரிமையை அளிக்கும். அதே எழுதுகோல் அதைப் பறிக்கவும் செய்யும் என்ற பாடத்தை அவ்வேடுகள் புகட்டுகின்றன.

அமெரிக்க அறிஞர் நிக்கலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில் இச்சிற்றரசின் மானியங்களையும் குலமுறைகளையும் ஆராய்ந்து, சாதி பற்றிய உலக அளவிலான விவாதத்தையே வேறு திசைக்குத் திருப்பினார். அவருக்கு ஆதாரமாக அமைந்தவை இனாம் பதிவேடுகளும் தர்பார்க் கோப்புகளும் ஊர்களில் கேட்ட கதைகளுமே. மூன்று தாலுகாக்கள் கொண்ட ஒரு சீமையின் கணக்கு, கேம்பிரிட்ஜில் அச்சான ஒரு நூலின் அடித்தளமாயிற்று. அக்கணக்கில் இருந்த பெயர்களுக்கு உரியோரின் பேரர்களும் பேத்திகளும் அதே ஊர்களில் வாழ்கிறார்கள். அவர்களுள் எத்தனை பேருக்கு அச்செய்தி எட்டியது?

இன்றைய தமிழக எல்லைக்குள் முழுமையாக அமைந்து, நாடு விடுதலை பெறும் வரை நீடித்த சமஸ்தானம் புதுக்கோட்டை ஒன்றே. அதனால் விளைந்த நன்மைகளுள் ஒன்று, தன் வரலாற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் வாய்ப்பு. 1910இல் அருங்காட்சியகம் தோன்றியது. 1916இல் எஸ். இராதாகிருஷ்ண ஐயர் அந்நாட்டின் பொது வரலாற்றை எழுதினார். 1929இல் கல்வெட்டு மூலங்கள் 1,130, மரபு வாரியாக வகுக்கப்பட்டு ஒரே தொகுதியாக வெளிவந்தன. 1938 முதல் 1944 வரை கே.ஆர். வேங்கடராம ஐயரின் பொறுப்பில் நாட்டுக் கையேடு பகுதி பகுதியாக அச்சாயிற்று. 1941 முதல் கே.ஆர். சீனிவாச ஐயர் கல்வெட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அளித்தார். ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஒரு சிறு நாடு செய்து முடித்த இப்பணியின் அருமையை, அக்கம் பக்கத்து நிலையோடு ஒப்பிட்டால்தான் உணர முடியும். சென்னை மாகாணத்தின் ஏனைய பகுதிகளில் படியெடுக்கப்பட்ட கல்வெட்டுகளில் ஆயிரக்கணக்கானவை அச்சேறாமல் மைசூரில் மைப்படிகளாகவே கிடந்தன. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் ஆணையிட வேண்டியிருந்தது. புதுக்கோட்டையின் மூலங்களோ அதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நூலாகிவிட்டன.

1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. பிருகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு, அணாவுக்கு இருபது என்று கைமாறிய அச்சிறு செப்புக் காசு, செல்லாக் காசாகிச் சேகரிப்போர் பேழைக்குள் புகுந்தது. தனிநாடாக இருந்தது ஒரு கோட்டமாகச் சுருங்கியது. 1974 சனவரி 14இல் தனி மாவட்டமாகும் வரை, ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் அந்நிலத்தின் தலைமையிடம் திருச்சியே. ஆதலால் புதுக்கோட்டையின் ஏடுகளைப் பற்றிப் பேசுவது திருச்சியில் வாழ்வோர்க்கு அயலார் கதை பேசுவது ஆகாது.

அந்நிலத்தில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்த ஒன்றும் இவ்வரலாற்றின் பகுதியாகவே கொள்ளத்தக்கது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. வயல் வேலையும் கல்லுடைப்பும் முடித்து வந்த பெண்கள் இரவில் விளக்கின் முன் அமர்ந்து எழுத்தறிந்தனர். மிதிவண்டி பழகினர். கல் குவாரிகளைப் பெண் தொழிலாளர் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்ட ஏற்பாடும் அக்காலத்தில் நடந்தது. கைநாட்டு வைத்து வந்தவர்கள் குத்தகைப் பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டனர். பாடிகாவல் கல்வெட்டில் ஊரார் எதை நாடினரோ, அதையே அப்பெண்களும் நாடினர்: தம் வாழ்வை நிர்ணயிக்கும் எழுத்து தம் கண்ணுக்கும் புலப்பட வேண்டும் என்பது.

இன்று இவ்வளத்துக்கு நேர்ந்திருக்கும் ஆபத்து எது? பாறைகளைப் பிளக்கும் தொழில் வளர வளர எழுத்துள்ள பாறைகளுக்கும் அச்சம் பெருகியது. திருப்பணியின்போது மணல் வீச்சினால் சுவரைத் தூய்மை செய்த கோயில்களில் கல்வெட்டுகள் தேய்ந்து மழுங்கின. இயந்திரம் கொண்டு கண்மாய் தூர்வாரும்போது, குமிழித் தூண் தடையாக நிற்கும் ஒரு கல்லாகவே தோன்றுகிறது. துவைக்கும் கல்லாகவும் படிக்கட்டாகவும் மாறியவை பல. இவற்றைச் செய்தவர் எவரும் பகைவர் அல்லர். கல்லில் உள்ளது என்னவென்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல எவரும் இல்லை, அவ்வளவே. நூலில் 1,130 மூலங்கள் உள்ளன என்ற ஆறுதல் போதாது. நூலில் உள்ள வரியை ஊரில் உள்ள கல்லோடு பொருத்திக் காட்டும் ஒருவர் அவ்வூரில் இருந்தாலன்றி அக்கல் பிழைப்பது அரிது. 1929க்குப் பின்னும் புதிய பொறிப்புகள் கண்டெடுக்கப்பட்டு வருகின்றன. பொற்பனைக்கோட்டையில் 2021 முதல் நடந்த அகழாய்வுகள் மண்ணுக்கடியில் இருப்பதையும் வெளிக்கொணர்ந்துள்ளன. ஆக, அந்த ஏடு இன்னும் முற்றுப்பெறவில்லை.

அரசின் துறைகள் செய்ய வேண்டியவை உண்டு. ஆயினும் எல்லாவற்றையும் அரசே செய்யும் என்று காத்திருந்த இடங்களில் இழப்பே மிகுந்தது. புதுக்கோட்டையில் ஆசிரியத் தம்பதியர் தம் சொந்த முயற்சியால் திரட்டிய ஞானாலயா நூலகம், தமிழின் முதற்பதிப்புகளை நாடுவோர்க்கெல்லாம் புகலிடமாயிற்று. ஓர் இல்லத்தால் அது இயலுமாயின், ஓர் இலக்கிய வட்டத்தால் இயலாதது என்ன? வட்டெழுத்தும் பழந்தமிழ் எழுத்தும் பயிற்றும் வகுப்பு ஒன்றை ஆண்டுதோறும் கோடையில் நடத்தலாம். நீர் வற்றிய கண்மாய்களில் குமிழித் தூண்களைக் கண்டு படமெடுத்து, அச்சிட்ட மூலத்தோடு ஒப்பிட்டு, ஊர்ப் பள்ளியின் சுவரில் அவ்வூர்க் கல்வெட்டை இன்றைய எழுத்தில் எழுதி வைக்கலாம். பழைய வீடுகளில் பரண்மேல் கிடக்கும் ஓலைச் சுவடிகளையும் மானியப் பத்திரங்களையும் படியெடுத்து, மூலத்தை உரியவரிடமே ஒப்படைக்கலாம். சங்க இலக்கியத்தைப் போற்றும் அவையில் கணக்குப் பதிவேட்டுக்கும் ஓர் இருக்கை அளிப்பது இலக்கியத்துக்கு இழுக்காகாது. யாருடைய வயலுக்கு எந்த மடை என்று எழுதிய கையும் தமிழ் எழுதிய கைதான்.

அன்பர்களே, காவிரிக் கரையின் பெருங்கோயில்களைக் காண உலகம் வருகிறது. அவை தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் எட்டிவிடக்கூடிய வறண்ட சிற்றூர்களின் கண்மாய்களில் நிற்கும் கற்களுக்கு அத்தகைய புகழ் இல்லை. அடுத்த மழைக்கு முன் அவற்றுள் ஒன்றையேனும் படித்து, அதிலுள்ள பெயரை அவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு வருவோர் இவ்வட்டத்திலிருந்து புறப்படுவார்களாயின், பத்தாம் ஆண்டு விழாவுக்கு அதைவிடச் சிறந்த மலர் இல்லை.